அடிமுறையா, கராத்தேயா, பையில் ஒரு விசிலா?

அக்கா மகளுக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை கிடைத்தது. காலை ஒன்பதரைக்குக் கடை, இரவு எட்டரைக்கு இறங்கலாம். அங்கிருந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு பஸ். அப்புறம் எங்கள் ஊருக்குள் வருகிற கடைசி பஸ்ஸைப் பிடித்தால் தப்பித்தாள், விட்டால் ரப்பர் விளை ஓரமாகப் பதினைந்து நிமிட நடை. வேலை உறுதியான அன்று மாலையே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. அத்தான் கராத்தேயில் சேர்க்கலாம் என்றார். "நம்ம ஊர்ல அடிமுறை இருக்கும்போ ஜப்பான்காரன் வித்தை எதுக்கு?" என்று அப்பா கேட்டார். தம்பி அதற்குள் ஆன்லைனில் பெப்பர் ஸ்பிரே ஆர்டர் போட்டிருந்தான். அக்கா மட்டும் வேலையே வேண்டாம் என்றாள். அதைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று நானும் அவள் மகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம்.

நான் இதே தடத்தில் பதினோரு வருஷம் போய்வந்தவள். அதனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் விசாரித்தேன். இரண்டு வகுப்புகளில் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பிரேயை என் மூக்கிலேயே சோதித்தேன், விரும்பிச் செய்ததில்லை என்றாலும்.

முதலில் அவள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்தோம். எந்த இடத்தில் என்ன தொல்லை வரும் என்று அவளையே எழுதச் சொன்னேன். பஸ் நெரிசலில் உரசுகிறவன். ஊர் முக்கில் இறங்கியபின் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறவன். மூன்றாவதை அவள் எழுதவில்லை, நான் எழுதினேன்: கடைக்குள் இருக்கிறவன். சூப்பர்வைசரோ, பக்கத்துக் கவுண்டர்காரனோ, "கொண்டுபோய் விடட்டா" என்று கேட்கிற தெரிந்த பையனோ. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். நம் வீட்டுப் பஞ்சாயத்தில் பேசியதெல்லாம் மிச்சமுள்ள அந்த ஒன்றைப் பற்றித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும்.

அடிமுறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அப்பாவின் மரியாதைக்காக. வடக்கே மலபாரில் இருக்கும் களரிக்கும் நம் பக்கத்துத் தெற்கன் முறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பலருக்குத் தெரியாது. வடக்கன் களரியில் முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்பை வளைத்து எடுக்கும் பயிற்சி. பிறகு கோல்தாரி, கம்பு. அதன்பின் அங்கத்தாரி, வாளும் கேடயமும். வெறுங்கை கடைசியில்தான் வரும். வடகரையில் மீனாட்சியம்மா ஏழு வயதில் களரிக்குள் இறங்கியவர். 2017-இல் பத்மஸ்ரீ வாங்கினார். சேலை கட்டிக்கொண்டு அவர் வாள் வீசுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஏழு வயதில் தொடங்குவதும், அடுத்த திங்கள்கிழமை வேலைக்குப் போகிறவள் தொடங்குவதும் ஒன்றில்லை.

குமரி மாவட்டத்து அடிமுறையில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். வெறுங்கைதான் முதல். அடி, தடை, பிடி, பூட்டு. ஆயுதம் பிறகு. அந்த வகையில் தற்காப்புக்கு இது களரியைவிட நேர்வழி. நான் பார்க்கப்போன ஆசானின் இடம் ஒரு தென்னந்தோப்புக்குள், ஓலைக்கொட்டகை, மண்தரை. பன்னிரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா மகளைக் கூப்பிட்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "விடுவி, பாப்போம்" என்றார். அவள் பின்னால் இழுத்தாள். எவரும் அதைத்தான் செய்வார்கள். பிடி இன்னும் இறுகியது. "மக்ளே, என் பெருவிரல் எங்க இருக்குன்னு பாரு. அங்கதான் வாசல்" என்றார். நான்கு விரல் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கம் பெருவிரல் ஒன்றுதான் நிற்கிறது. அந்த இடைவெளியை நோக்கிக் கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, தன் தோளுக்குக் கொண்டுபோவதுபோல் வெடுக்கென்று இழுத்தால் எவ்வளவு பெரிய கையும் விட்டுவிடும். நாலாவது முறை அவள் செய்துவிட்டாள். அங்கே நான் கற்றதில் இது ஒன்றே பஸ் கூலிக்கு ஈடு.

ஆனால் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டபோது ஆசான் மழுப்பவில்லை. வர்மம் 108 என்கிறார்களே, அதெல்லாம் எப்போது சொல்லித்தருவீர்கள் என்று அத்தான் கேட்டார். ஆசான் சிரித்துவிட்டு, ஒரு வருஷம் ஒழுங்காக வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். அவர் சொன்னது நியாயம். காலை ஐந்தரைக்கு வகுப்பு, வாரம் நான்கு நாள். எட்டு மணிக்கு பஸ் ஏறவேண்டிய பெண்ணுக்கு இது எத்தனை வாரம் ஓடும்?

கராத்தே வகுப்பு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மாதம் 600 ரூபாய், வாரம் இரண்டு நாள் மாலை. ஞாயிற்றுக்கிழமை தவிர அவளுக்குச் சரிவராது. குறையென்று நான் சொல்வது வேறு. அங்கே பாதி நேரம் காற்றில் குத்திக்கொண்டு வரிசையாக ஆடும் காட்டா. மீதியில் நடந்த சண்டைப் பயிற்சியில் அடி உடம்பில் படாமல் நிறுத்துகிறார்கள், புள்ளி விழுந்ததும் நடுவர் பிரித்துவிடுகிறார். உடம்பு உறுதியாகும், பயம் தெளியும், இரண்டும் உண்மை. ஆனால் தோளில் பையும் கழுத்தில் ஷாலும் காலில் செருப்பும் போட்டுக்கொண்டு, இடுப்பை அசைக்க இடமில்லாத கூட்டத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அது பிரவுன் பெல்ட்டுக்கு அப்புறம் என்றார் மாஸ்டர். பின்னாலிருந்து வருகிறவன் பெல்ட்டின் கலர் பார்த்து வரமாட்டானே. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் சேருங்கள். அவளுக்கு ஏழெட்டு வருஷம் கையில் இருக்கிறது.

மூன்றாவது வழி பஞ்சாயத்தில் யார் வாயிலும் வராதது. கேரளப் போலீஸ் பெண்களுக்கு இலவசமாகத் தற்காப்புப் பயிற்சி நடத்துகிறது. சொல்லித்தருவது பெண் போலீசார். சில நாட்களில் முடிந்துவிடும், பெல்ட் கிடையாது, சீருடை கிடையாது. சுடிதாரோடு, பையோடு நின்று பழகலாம். ஷாலைப் பிடித்து இழுத்தால், முடியைப் பிடித்தால், சுவரோடு நெருக்கினால் என்ன செய்வது என்பதுதான் பாடம். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கில், முழங்கையால் விலாவில், குதிகாலால் பாதத்தின் மேல். செய்ததும் ஓடு. நின்று ஜெயிப்பது இதில் இல்லை.

சின்ன வகுப்பில் என்ன வந்துவிடப்போகிறது என்று அத்தான் இழுத்தார். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. ஒரு பாதிக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, மறுபாதிக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது வல்லுறவுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. அந்த 12 மணி நேரத்தில் அடிதடி ஒரு பங்குதான். மீதியெல்லாம் தெரிந்த ஆள் எல்லை தாண்டும்போது அதை எப்படிச் சீக்கிரம் கண்டுகொள்வது, "அவன் மனசு நோகுமே" என்கிற தயக்கத்தை எப்படித் தாண்டுவது என்பதைப் பற்றியது. நம் பெண்பிள்ளைகளுக்கு முழங்கை அடியைவிடக் கடினமானது இந்தத் தயக்கம்தான். "வேண்டாம் அண்ணா, நான் பஸ்ஸிலேயே போய்க்கிடுவேன்" என்று சிரிக்காமல் சொல்லிப் பார் என்றேன். மூன்று தடவையும் சிரித்துவிட்டாள்.

இனி பைக்குள் வைக்கும் சாமான்கள். தம்பி வாங்கிய பெப்பர் ஸ்பிரே வந்தது. மிளகாய்க் காரத்தின் சாறுதான் உள்ளே. இரண்டு மூன்று மீட்டர் தூரம் பாயும். நம் நாட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பில்லை. வீட்டுக்குப் பின்னால் விளையில் நின்று ஒரு தடவை அழுத்தினேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அரைமணி நேரம் இருமினேன், கண்ணீர் நிற்கவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிச்சல் பரவியதுதான் மிச்சம். அது எண்ணெய்ப்பசை கொண்டது, சோப்புப் போட்டால்தான் இறங்கும். எங்கள் விளையிலேயே இப்படி என்றால் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் நின்று இதை அடிப்பவளின் கதியை யோசியுங்கள். பஸ்ஸுக்குள் அடித்தால் டிரைவர் உட்பட எல்லோருக்கும் தண்டனை. டப்பாவில் காலாவதித் தேதி உண்டு. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுவைக்கக் கூடாது. ஆனால் ஊர்முடுக்கில், திறந்த வெளியில், பைக்கை நிறுத்தி இறங்கி வருகிறவனுக்கு எதிராக இதைவிட நல்லது கிடையாது. ஒரே நிபந்தனை, நடை தொடங்கும்போதே கைக்குள் இருக்கவேண்டும். பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடக்கும் ஸ்பிரே இருந்தும் இல்லாததுபோல.

ஊக்கு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் பஸ்ஸில் ஏறுமுன் எல்லோரும் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி விரல் நடுவில் வைத்துக்கொள்வோம். அது இன்றைக்கும் வேலை செய்கிறது. உரசுகிறவனுக்கு நடந்தது புரிந்துவிடும், வாய் திறக்கவும் முடியாது. ரப்பர் பால் வெட்டப்போகிற அக்காமார் அதிகாலை நான்கு மணிக்கு நெற்றியில் லைட்டும் கையில் வெட்டுக்கத்தியுமாகத் தனியே போகிறார்கள், அவர்கள் கிட்டே ஒருத்தன் போவதில்லை. அதைப் பார்த்துவிட்டு இவளும் பையில் கத்தி வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழகாத கையிலிருந்து கத்தி எதிராளியின் கைக்குப் போக ஒரு நொடி போதும்.

விசில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பார்த்து வாங்குங்கள், உருண்டை உள்ளது நனைந்தால் மாட்டிக்கொள்ளும். பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்போதும் மூச்சு வரும், மூச்சு வந்தால் விசில் வரும். ஆனால் எங்கள் தடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டு பஸ்ஸில் கண்டக்டரே விசில்தான் ஊதுகிறார், ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். கேரள பஸ்ஸில் மணிக்கயிறு, சிங்கிள் பெல் நிற்க, டபிள் பெல் போக. ஆகவே நம் பஸ்ஸில் தொல்லை வந்தால் நீளமாக ஒரே விசில், அந்த பஸ்ஸில் கயிற்றை ஒரு இழு. இரண்டிலும் வண்டி நின்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பித்தவறி இரண்டு தடவை ஊதிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன் ஆப்களில் அதிகம் நிற்கப்போவதில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறைக்குக் காவல் உதவி ஆப், கேரளத்துக்குப் போல்-ஆப். பயணத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்றால் எதைத் திறப்பது என்று யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இரண்டு மாநிலத்துக்கும் பொது 112. புதிய போன்களில் பவர் பட்டனை விடாமல் அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி, உங்கள் போனின் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்துக்குள் பிங்க் போலீஸ் 1515. இரண்டு பக்கமும் பெண்கள் உதவி எண் 181. ரயிலில் 139.

ஆனால் எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. கேரளப் பக்கத்து இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் போன் எந்த டவரைப் பிடிக்கும் என்பது அதன் இஷ்டம். எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதே "வெல்கம் டு கேரளா" என்று மெசேஜ் வரும். 112 அடித்தால் மலையாளத்தில் எடுக்கலாம். பேச்சு நமக்குப் புரியும், பதற்றத்தில் வாயில் வராது. அதனால் மூன்று வாக்கியங்களை அவளுக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். "சேச்சி, ஒந்நு சகாயிக்கணே", அக்கா கொஞ்சம் உதவுங்கள் என்று. "இயாள் என்னெ சல்யம் செய்யுந்நு", இந்த ஆள் எனக்குத் தொல்லை தருகிறான் என்று. மூன்றாவது, விலகி நில் என்பதைச் சத்தமாக, முகத்துக்கு நேரே: "மாறி நில்க்கு!" ஐயோ அம்மா என்று பொதுவாகக் கத்தினால் பஸ் முழுக்க வேடிக்கை பார்க்கும். "நீல சேலை சேச்சி" என்று ஒருத்தரைக் குறிவைத்துக் கூப்பிட்டால் அந்தச் சேச்சி எழுந்து வருவார், பின்னால் நான்கு பேர் வருவார்கள்.

இதை நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி எர்ணாகுளம்–ஷொர்ணூர் பாசஞ்சரில் நடந்தது கேரளத்தில் யாருக்கும் மறக்காது. பெண்கள் பெட்டியில் கூட இருந்தவர்கள் இறங்கிப்போன பின் தனியாக இருந்த பெண் தாக்கப்பட்டார், பிறகு மருத்துவமனையில் இறந்தார். அடுத்த பெட்டிக்கு அலறல் கேட்டிருக்கிறது. சங்கிலியை இழுக்க நினைத்தவர்களை, அந்தப் பெண் குதித்துத் தப்பிவிட்டாள் என்று சொல்லி ஒருவர் தடுத்தார் என்று சாட்சியம் சொல்கிறது. அன்றிலிருந்து ரயிலா பஸ்ஸா என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். சாயங்கால பாசஞ்சரில் கூட்டமுள்ள பெண்கள் பெட்டி நல்லது. நெய்யாற்றின்கரையில் பாதிப்பேர் இறங்கி அது காலியானால், வெட்கப்படாமல் இறங்கிப் பொதுப்பெட்டிக்கு ஓடு. பெண்கள் என்று எழுதிய பலகை ஆளில்லாத பெட்டியைக் காக்காது.

புகார் கொடுக்கும் இடத்திலும் எல்லை இடிக்கும். என் இருபத்துநாலு வயதில் ஒரு ஸ்டேஷனுக்குப் போனபோது, நடந்த இடம் எங்கள் லிமிட் இல்லை, அந்தப் பக்கம் போ என்றார்கள். அந்தப் பக்கத்தில் இந்தப் பக்கம் என்றார்கள். கடைசியில் புகாரே கொடுக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதியவேண்டும், மாற்றி அனுப்புவது அவர்கள் பாடு. இந்தப் பிரிவு எண்ணை அவள் போனில் நோட்டாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எண் சொல்லிப் பேசுகிறவளை அலைக்கழிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். திருப்பி அடித்தால் நம்மேல் கேஸ் வருமா என்ற அக்காவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு அடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவன் ஓட ஆரம்பித்தபின் துரத்திப்போய் அடிப்பதுதான் கணக்கில் வராது.

அந்த மூன்றாவது ஆளுக்கு, கடைக்குள் இருப்பவனுக்கு, அடிமுறையும் விசிலும் உதவாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள்புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். குழுவில் யார் யார் என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வை என்றேன், தொல்லை வந்தபின் கேட்டால் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிடும். இன்னொன்று, கேரளம் 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியபோது ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். இரவு 9 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்தால் வீடுசேர வண்டி ஏற்பாடு செய்யவேண்டும் என்பதும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது. ஓண சீசனில் கடை பத்து மணிவரை நீளும். அப்போது கேட்கவேண்டியது அந்த வண்டியைத்தான்.

ஆக முடிவு இது. போலீஸ் வகுப்பு முதலில், விசில் கழுத்தில், ஸ்பிரே முக்கில் இறங்கியதும் கையில். கடைசி பஸ் போய்விட்டால் நடக்கவேண்டாம், களியக்காவிளையிலிருந்தே எனக்கு போன், நானோ தம்பியோ ஸ்கூட்டரில் வருவோம். கராத்தே இல்லை. அடிமுறை ஞாயிறு மட்டும், அவள் ஆசைக்கும் அப்பாவின் முகத்துக்கும். ஆசான் ஒருநாள் வந்தாலும் போதும் என்று இறங்கிவந்தார்.

வேலைக்குச் சேரும் முன்தினம் இரவு ஒன்பதே முக்காலுக்கு முடுக்கில் ஒத்திகை பார்த்தோம். நான் பின்னாலிருந்து வேகமாக நடந்து வந்தேன். அவள் திரும்பி, ஸ்பிரே பிடித்த கையை நீட்டி, மறுகையால் விசிலை எடுத்து ஊதினாள். முதலில் நாய்கள். பிறகு மூன்று வீட்டில் லைட் எரிந்தது. ஓடையோரத்து வீட்டு மயினி டார்ச்சோடும் கையில் கிடைத்த தேங்காய் உரிக்கும் பாரையோடும் ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்போ நாளைக்கு சத்தம் கேட்டா நெசந்தானே? நான் பாரையோட வரட்டா?" என்று கேட்டாள். வாங்க மயினி என்றாள் அக்கா மகள்.